உரிமத்தோடு நடக்கும் மீன் திருட்டு

பசிபிக் தீவு நாடான கிரிபாட்டியின் நிலம் 811 சதுர கிலோமீட்டர்தான். அதன் கடலோ ஏறத்தாழ 35 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவின் நிலப்பரப்பைவிடப் பெரியது. அத்தனை கடலையும் காக்க அந்த நாட்டிடம் நெடுங்காலமாக இருப்பது ஆஸ்திரேலியா கொடுத்த ஒரே ஒரு ரோந்துக் கப்பல்.

1982-இன் ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தப்படி கரையிலிருந்து 200 கடல் மைல் வரை மீன் வளம் அந்தந்த நாட்டுக்கே உரியது. உலகில் பிடிபடும் சூரை மீனில் பாதிக்கு மேல் மேற்கு, மத்திய பசிபிக்கிலிருந்து வருகிறது. தொழிற்சாலையோ பெரிய வயலோ இல்லாத கிரிபாட்டி போன்ற தீவுகளுக்குப் பள்ளியும் மருத்துவமனையும் நடப்பது பெரும்பாலும் இந்த மீன் பணத்தில்தான்.

திருடுவது யார்? இரவில் எல்லை தாண்டி வரும் கள்ளக் கப்பல் என்றுதான் நினைக்கத் தோன்றும். 2016-இல் பசிபிக் தீவு நாடுகளின் மீன்வள முகமைக்காக நடந்த ஆய்வு வேறு கதை சொன்னது. ஆண்டுக்குச் சுமார் 61 கோடி டாலர் மதிப்புள்ள மீன் முறைகேடாகப் போகிறது. அதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் உரிமம் வாங்கிய கப்பல்களின் கைவரிசை. 2021 ஆய்வில் இழப்பு சுமார் 33 கோடியாகக் குறைந்தது. ஆனால் அப்போதும் முன்னணியில் நின்றவை உரிமம் பெற்ற கப்பல்களே.

நவுரு ஒப்பந்தத்தில் இணைந்த பசிபிக் தீவு நாடுகள் சுருக்குமடிக் கப்பல்களுக்கு மீனை எடைபோட்டு விற்பதில்லை, மீன்பிடி நாட்களை விற்கின்றன. ஒரு நாள் மீன்பிடிக்கக் குறைந்தபட்சம் 8,000 டாலர். இந்த ஏற்பாட்டால் 2010-இல் சுமார் 6 கோடி டாலராக இருந்த வருவாய், பத்தாண்டுக்குள் 50 கோடியை நெருங்கியது. நாளுக்கே விலை என்பதால் ஏமாற்று வேலையும் நாள் கணக்கில்தான் நடக்கிறது. "அன்று வலை விடவில்லை, வழியில்தான் போய்க்கொண்டிருந்தோம்" என்று கப்பல் கணக்குக் காட்டும். உண்மையைச் சொல்வது செயற்கைக்கோள் தடம். நேர்கோட்டில் ஒரே வேகத்தில் போனால் பயணம். வேகம் தணிந்து அங்கேயே சுற்றியிருந்தால் மீன் தேடல். தேடினாலும் அது மீன்பிடி நாள்தான்.

இந்தத் தடங்கள் எல்லாம் சாலமன் தீவுகளின் தலைநகர் ஹோனியாராவில் உள்ள கண்காணிப்பு மையத்தில் திரையில் ஓடும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரான்சு, அமெரிக்க விமானங்கள் மேலிருந்து பார்க்கும். பெரும்பாலும் சந்தேகம் வந்த பிறகே ரோந்துக் கப்பல் கிளம்பும். ரப்பர் படகிலிருந்து கயிற்றேணி வழியாக மேலேறும் அதிகாரிகள் முதலில் கேட்பது பதிவேடு. அடுத்து குளிர் அறை. மஞ்சள் துடுப்புச் சூரை என்று எழுதிய இடத்தில் பெரிய கண் சூரை கிடக்கிறதா, எழுதிய எடையும் கிடக்கும் மீனும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பார்கள். உறைந்த குட்டி மீனில் இரண்டையும் பிரித்தறியப் பழகிய கண் வேண்டும்.

அதனால்தான் கப்பலிலேயே தங்கிக் கணக்கெடுக்கும் பார்வையாளரின் வேலையை, ரோந்துக் கப்பலைவிட முக்கியமானதாக நான் கருதுகிறேன். மாதக்கணக்கில், தாங்கள் வேவு பார்க்கும் மாலுமிகளோடே உண்டு உறங்கும் தீவு இளைஞர்கள் இவர்கள். கடலில் இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் உண்டு. ரோந்துக் கப்பலுக்குக் கிடைக்கும் நிதியும் கவனமும் இவர்களின் பாதுகாப்புக்குக் கிடைப்பதில்லை.

சுருக்குமடிக் கப்பல்கள் ஒவ்வொன்றிலும் பார்வையாளர் இருக்க வேண்டும் என்பது விதி. ஆயிரங்கால் தூண்டில் கப்பல்களில் நூற்றுக்கு ஐந்து பங்கு மீன்பிடிப்பில் இருந்தாலே போதும். பெரிய கண் சூரையை அதிகம் குறிவைப்பவை இந்தத் தூண்டில் கப்பல்கள்தான். அவற்றின் தளத்தில் கேமரா பொருத்தும் சோதனைகள் பல தீவு நாடுகளில் நடந்துவருகின்றன.