ஒரே பாட்டு; தட்டுக்குத் தட்டு வேறு குரல்!

பொழுது விடிகிறது.

ஜோலார்பேட்டை ரெயில் நிலையத்துப் பக்கம் ஒரு டீக்கடையில் சுப்ரபாதம் கேட்கிறது. பாடுகிறவர் எம்.எஸ்.சுப்புலட்சுமி. கோவில் ஒலிபெருக்கியிலும் அதே சுப்ரபாதம். பக்கத்து வீட்டு செல்போனிலும் அதுதான்.

ஒரே பாட்டு. ஒரே குரல். ஆனால் காதில் விழும்போது மூன்றும் மூன்று விதமாக இருக்கின்றன!

"அந்தக் காலத்துப் பிளேட்டில் கேட்க வேண்டும். அது தனி" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். சின்னவர்கள் சிரிப்பார்கள்.

யார் சொல்வது சரி?

பெரியவர்கள் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதி, அது எந்தப் பிளேட் என்பதைப் பொறுத்தது.

இது வெறும் ரசனைச் சண்டை அல்ல. ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் பரணில் இசைத்தட்டுகள் தூங்குகின்றன. அவற்றை வைத்துக் கொள்வதா, எடைக்குப் போடுவதா? பழைய இரும்புக்காவது பேரீச்சம்பழம் கிடைக்கும். பழைய தட்டுக்கு அதுவும் கிடைக்காது. ஆனால் அந்தக் கட்டில் ஒரு நல்ல தட்டு இருந்தால், போன பிறகு அதைத் திரும்ப வாங்க முடியாது.

ஐந்து தடவை எழுந்திருக்க வேண்டும்!

சுப்ரபாதத்தை எச்.எம்.வி. கம்பெனி 1963-ம் ஆண்டு இசைத்தட்டாக வெளியிட்டது. எம்.எஸ்.சுடன் சேர்ந்து பாடியவர் ராதா விஸ்வநாதன். தட்டு விற்பனையில் தனக்கு வரவேண்டிய தொகையை எம்.எஸ். திருப்பதி தேவஸ்தானத்துக்கே கொடுத்துவிட்டார்.

அது 'லாங் பிளே' தட்டு. நிமிடத்துக்கு 33⅓ தடவை சுற்றும். ஒரு பக்கம் 20 நிமிடத்துக்கு மேல் பாடும். அதற்கு முன்பு இருந்தவை 78 சுற்றுத் தட்டுகள். ஒரு பக்கம் மூன்று நிமிடம். மிஞ்சினால் மூன்றரை நிமிடம்.

சுப்ரபாதம் சுமார் 20 நிமிடம். 78 சுற்றில் போட்டிருந்தால் மூன்று தட்டு வேண்டும். ஐந்து தடவை எழுந்துபோய்த் தட்டைத் திருப்ப வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். பெருமாள் எழுந்திருப்பதற்குள் கேட்கிறவர் ஐந்து தடவை எழுந்திருக்க வேண்டும்!

லாங் பிளே தட்டிலும் ஒரு சங்கடம் உண்டு. தட்டின் வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் ஒரு வினாடிக்கு சுமார் 50 சென்டிமீட்டர் கோடு ஓடுகிறது. உள் ஓரத்துக்கு வரும்போது அது சுமார் 20 சென்டிமீட்டராகக் குறைந்துவிடும். அதே அளவு ஒலியைக் குறைந்த இடத்தில் நெருக்கி எழுத வேண்டும். அதனால் ஒரு பக்கத்தின் தொடக்கத்தில் இருக்கும் பளபளப்பு, முடிவில் இருக்காது. எந்த ஊரில் அச்சடித்தாலும் இது மாறாது.

தாய் அச்சு, மகள் அச்சு

சரி, ஒரே பாட்டின் இரண்டு தட்டுகள் ஏன் வேறுபடுகின்றன?

முதலில் ஒலிநாடாவில் பதிவு நடக்கிறது. பிறகு மெல்லிய பூச்சு பூசிய ஒரு தட்டில், இயந்திர ஊசி ஒன்று பாட்டைக் கோடாக வெட்டுகிறது. அந்தத் தட்டின் மேல் மின்சார முறையில் உலோகம் ஏற்றி உரித்து எடுக்கிறார்கள். பள்ளம் மேடாகி, ஓர் உலோக அச்சு கிடைக்கிறது. அதிலிருந்து தாய் அச்சு எடுக்கிறார்கள். தாய் அச்சிலிருந்து, அச்சடிக்கும் அச்சுகள் பல பிறக்கின்றன. சூடான பிளாஸ்டிக் உருண்டையை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால் தட்டு தயார்.

அழுத்த அழுத்த அச்சு தேயும்.

ஆம்பூர் செருப்புக் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தோல் வெட்டும் அச்சுக்கத்தி புதிதாக இருக்கும்போது விளிம்பு பளிச்சென்று விழும். மழுங்கிய பிறகு பிசிறு தட்டும். இசைத்தட்டிலும் அதே கதைதான். முதலில் மழுங்குவது மிக நுணுக்கமான நெளிவுகள். அதாவது ச, ஸ, ஷ போன்ற எழுத்துகளின் ஒலி, தம்புராவின் ரீங்காரம். சமஸ்கிருத சுலோகத்தில் அந்த எழுத்துகளுக்குப் பஞ்சமா? தேய்ந்த அச்சில் பிறந்த தட்டு, அங்கேதான் குட்டு வெளிப்படும்.

இன்னொரு குறையும் உண்டு. தட்டின் நடுத்துளை ஒரு மயிரிழை தள்ளி விழுந்தால் போதும். சுற்றுக்குச் சுற்று சுருதி ஏறி இறங்கும். நீண்ட கார்வையில் பாடகியின் குரல் ஆடுவது போல இருக்கும். ஆடுவது குரல் அல்ல, தட்டு!

ரகசிய எழுத்து

எது முதல் அச்சு, எது பிந்திய அச்சு என்று கண்டுபிடிக்க வழி உண்டு. லேபிளைச் சுற்றிக் கோடு இல்லாத வழவழப்பான இடம் இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அங்கே சின்னச் சின்ன எண்களும் எழுத்துகளும் தெரியும்.

இங்கிலாந்தில் அச்சான எச்.எம்.வி. தட்டுகளில் ஒரு வேடிக்கை. ஜவுளிக்கடைக்காரர் துணியின் அடக்க விலையை ரகசிய எழுத்தில் எழுதி வைப்பது போல, அவர்களும் எழுதினார்கள். 'கிராமபோன் லிமிடெட்' என்ற பெயரைச் சுருக்கிய பத்து ஆங்கில எழுத்துகள். ஜி என்றால் 1, ஆர் என்றால் 2, ஏ என்றால் 3. இப்படி பூஜ்யம் வரை போகும். எத்தனையாவது அச்சில் அடித்தது என்பதை இதை வைத்தே சொல்லிவிடலாம்.

தட்டு சேர்க்கிறவர்கள் முதல் அச்சுக்குக் கொட்டிக் கொடுப்பார்கள். இது கொஞ்சம் அதிகம்தான். முதல் அச்சில் கடைசியாக அடித்த தட்டைவிட, இரண்டாவது அச்சில் முதலில் அடித்த தட்டு தெளிவாக இருக்கும். அதோடு, வாங்கிய வீட்டில் அதை எப்படி வைத்திருந்தார்கள் என்பதும் இருக்கிறது. தேய்ந்த ஊசி எந்தத் தட்டையும் உழுதுவிடும். ஆசையாகத் தினமும் போட்ட தட்டுதான் அதிகம் கெட்டிருக்கும். யாரும் சீண்டாத தட்டுதான் இன்று நன்றாகப் பாடும்!

பிரியும் பாதை

சென்னையிலிருந்து வரும் ரெயில் பாதை ஜோலார்பேட்டையில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று குப்பம் வழியாக பெங்களூருக்கு. மற்றொன்று திருப்பத்தூர் வழியாக சேலத்துக்கு. பாட்டும் அப்படித்தான். புறப்படுவது ஒரே ஒலிநாடா. அங்கிருந்து இசைத்தட்டு ஒரு பக்கம், கேசட் ஒரு பக்கம், சி.டி. ஒரு பக்கம்.

கேசட்டில் நாடா ஒரு வினாடிக்கு ஐந்து சென்டிமீட்டர்கூட ஓடாது. பதிவு நிலையத்துப் பெரிய நாடா, வழக்கமாக அதைப்போல் எட்டு மடங்கு வேகத்தில் ஓடும். கேசட்டின் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலுக்கு அதுவும் ஒரு காரணம். கேசட்டைப் பார்த்துக் கேசட், அதைப் பார்த்து இன்னொரு கேசட் என்று எடுத்தால், மிஞ்சுவது பாட்டின் நிழல்.

சி.டி.யில் ஊசி இல்லை, தேய்மானம் இல்லை. ஆனால் பழைய பதிவை அதில் ஏற்றும்போது சிலர் இரைச்சலை நீக்குகிறேன் என்று வடிகட்டிவிடுகிறார்கள். இரைச்சல் இருக்கும் அதே உச்ச ஒலியில்தான் தம்புராவின் உயிரும் இருக்கிறது. உமியை ஊதும்போது அரிசியும் பறக்கிறது.

ஆகவே தட்டுகளை ஒப்பிடச் சுலபமான பரீட்சை இது. பாடகி மூச்சு விடும் இடத்தில் தம்புராவைக் கேளுங்கள். அது தொடர்ந்து ரீங்கரித்தால் நல்ல பிரதி. குரலோடு சேர்ந்து அணைந்து அணைந்து எரிந்தால், யாரோ கத்தி வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் இரைச்சல் இருந்தாலும் முதல் வகையே மேல்.

தோலுக்கும் பாட்டுக்கும் ஒரே அரக்கு

78 சுற்றுத் தட்டு முற்றிலும் வேறு சரக்கு. அது பிளாஸ்டிக் அல்ல; அரக்கு. பலாச மரத்திலும் இலந்தை மரத்திலும் ஒட்டி வாழும் சின்னஞ்சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. தோலுக்கு மெருகு கொடுக்கும் பூச்சுகளிலும் இதே அரக்கைச் சேர்ப்பது உண்டு. இந்தப் பக்கத்துத் தோலும் அந்தக் காலத்துப் பாட்டும் ஒரே பூச்சிக்குக் கடன்பட்டவை!

1902-ம் ஆண்டு கல்கத்தாவில் கெளகர் ஜான் பாடியதைப் பதிவு செய்தார்கள். தட்டு அச்சானது ஜெர்மனியில் உள்ள ஹானோவரில். அரக்கு இங்கிருந்து கப்பல் ஏறியது. பாட்டாகத் திரும்பி வந்தது. 1908-ல்தான் கல்கத்தாவில் தொழிற்சாலை வந்தது. பிறகு அது டம்டமுக்கு மாறியது.

தட்டு முழுவதும் அரக்கு அல்ல. பெரும்பகுதி கல் தூள். இரும்பு ஊசியைக் கோட்டின் அளவுக்குத் தேய்ப்பதற்காகவே அதைச் சேர்த்தார்கள். பழைய தட்டின் 'கரகர' சத்தம் அந்தக் கல் தூள்தான். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவுக்கு அரக்கு கிடைப்பது கஷ்டமாயிற்று. உடைந்த தட்டுகளைச் சேகரித்து, அரைத்து, மறுபடியும் அச்சடித்தார்கள். அரைத்த மாவையே அரைத்தால்? கரகரப்பு கூடியது.

இந்தத் தட்டை இன்று போடும்போது இரண்டு இடத்தில் ஏமாறலாம். ஒன்று ஊசி. லாங் பிளே ஊசியின் முனை, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 78 சுற்றுக்கு அதைப்போல் மூன்று மடங்கு வேண்டும். சின்ன ஊசி பள்ளத்தின் அடியில் உள்ள புழுதியில் உரசிக்கொண்டு போகும். தட்டின் மேல் தப்பு இல்லை.

மற்றது வேகம். 78 சுற்ற வேண்டியது 82½ சுற்றினால், நாலரைக் கட்டையில் பாடியவர் ஐந்து கட்டையில் பாடியது போல ஆகிவிடும். குரலும் இளைத்துவிடும். சாவி கொடுக்கும் கிராமபோனில் சுருள் தளர்ந்தால் நேர்மாறு; பாட்டு முடியும்போது பாகவதர் தூங்கி வழிவார். ஒரே பாட்டின் இரண்டு தட்டுகளை ஒப்பிடும் முன்பு, ஒரு சுருதிப்பெட்டியை வைத்து வேகத்தைச் சரிபார்ப்பது நல்லது.

ஒலி அளவையும் சமமாக வையுங்கள். கொஞ்சம் சத்தமாகப் பாடும் தட்டு, காதுக்கு எப்போதும் "நல்ல தட்டு" போலவே தோன்றும். ரெயில் பாதை ஓரத்து வீடுகளில் இன்னொரு கவனம் வேண்டும். சரக்கு ரெயில் போகும்போது தரை அதிரும். அந்த உறுமல் ஊசி வழியாகப் பாட்டில் ஏறிவிடும். கனமான கல் பலகைக்கு அடியில் சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் பெட்டியை வையுங்கள்.

பரணில் இருந்து இறக்குங்கள்

சுப்ரபாதம் அழியாது. அதற்குப் பிரதிகள் ஏராளம். ஆபத்து மற்றவற்றுக்குத்தான். நாடகப் பாட்டு, நாதசுரம், ஊர் அறியாத பாடகர்கள் என்று 78 சுற்றில் வந்தவற்றில், பலவற்றின் மூல அச்சே இன்று இல்லை. வீட்டில் கிடக்கும் தட்டுதான் மூலம்!

வேலூர்ப் பக்கத்து வெயிலில் பரண், தட்டுக்கு அடுப்பு மாதிரி. தட்டு அப்பளம் போல வளைந்துவிடும். கீழே இறக்கி, புத்தகம் போல நிற்க வைக்க வேண்டும். லாங் பிளே தட்டைச் சுத்தமான தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் துடைக்கலாம். 78 தட்டில் ஸ்பிரிட் மட்டும் படவே கூடாது. தச்சர்களைக் கேளுங்கள்; பாலீஷ் போட அரக்கை ஸ்பிரிட்டில்தான் கரைக்கிறார்கள். ஒரே துடைப்பில் பாட்டும் கரைந்துவிடும்.

வைத்துக்கொள்ள இடம் இல்லை என்றால், சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுப் பார்க்கலாம். பழைய புத்தகங்களோடு கிராமபோன் தட்டுகளையும் அங்கே பாதுகாக்கிறார்கள்.

உடைந்த தட்டையும் எறிய வேண்டாம். ஊசியே படாமல், கோட்டைப் படம் பிடித்து ஒலியை எடுக்கும் முறையை அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியிருக்கிறார்கள். துண்டுகளைப் பொறுக்கி, ஒரு காகித உறையில் போட்டு, மேலே பாட்டின் பெயரை எழுதி வையுங்கள். பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். கோட்டுக்குள் பசை போனால் எந்த இயந்திரத்தாலும் படிக்க முடியாது.