அழிக்கட்டுமா? கேட்டது கம்ப்யூட்டர்!

ஒரகடத்தில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஏறினால் பாதிப் பேர் தூங்குவார்கள். மீதிப் பேர் இ.எம்.ஐ. பற்றிப் பேசுவார்கள். நான் இரண்டாவது கோஷ்டி. அன்றைய கவலை, லேப்டாப்.

தங்கச்சி ப்ளஸ் டூ படித்தபோது, 2012-ல், அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப். கல்யாணமாகி அவள் காஞ்சிபுரம் போய்விட்டாள். அது மட்டும் எங்களிடமே தங்கிவிட்டது. ஸ்விட்சைப் போட்டு, குளித்து, காபி குடித்துவிட்டு வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கடைக்காரர் கைவிரித்தார்: "விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சாச்சு சார். 11-க்கு 4 ஜி.பி. ராம் வேணும், டி.பி.எம். 2.0 வேணும். உங்களுது 2 ஜி.பி.தான். புதுசா வாங்கிடுங்க!"

டெல் கம்பெனி லேப்டாப் தயாரிக்கும் ஸ்ரீபெரும்புதூரில் குடியிருந்துகொண்டு, ஒரு லேப்டாப்புக்கு ததிங்கிணத்தோம்!

பக்கத்து சீட் டிப்ளமா தம்பி சிரித்தான். "எதுக்குண்ணே செலவு? லினக்ஸ் போடுங்க. உங்க லேப்டாப்லயே ஆரம்பத்துல பாஸ் இருந்திருக்குமே!"

"ஷிப்ட் முடிஞ்சும் பாஸா?" என்று அலறினேன்.

பாஸ் என்றால் பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸாம். மத்திய அரசின் சி-டாக் 2007-ல் வெளியிட்ட லினக்ஸ். இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு அதுவும் வந்தது. நாங்கள்தான் திறந்தே பார்க்கவில்லை!

1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஃபின்லாந்து மாணவர் பொழுதுபோக்காக ஆரம்பித்தது லினக்ஸ். யாரும் எடுத்து மாற்றலாம் என்பதால், சாம்பார் மாதிரி வீட்டுக்கு வீடு ருசி. பழைய மெஷினுக்குத் தம்பி சிபாரிசு செய்தது லினக்ஸ் மின்ட்டின் 'எக்ஸ்எஃப்சிஇ' பதிப்பு. 2 ஜி.பி.யில் ஓடும், 4 இருந்தால் சௌகரியம். பென்டிரைவில் போட்டும் கொடுத்தான்.

வார லீவன்று செருகினேன். ஹார்டு டிஸ்கைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே ஓடியது. பிடித்துப்போய், நிறுவும் ஐகானைத் தட்டினேன். 'டிஸ்கை முழுசாக அழித்துவிட்டு நிறுவட்டுமா?' என்றது. விரல் மவுஸில்...

"என்னங்க! மாமா போட்டோல்லாம் அதுக்குள்ளதானே இருக்கு?" சமையலறையிலிருந்து குரல்.

சப்தநாடியும் ஒடுங்கியது. தங்கச்சி கல்யாணத்தில் பட்டு வேட்டியோடு சிரிக்கும் அப்பா. போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். வேறு காப்பி கிடையாது.

தம்பிக்கு போன் போட்டேன். "நிறுவறதை விட்டு வெளிய வாங்கண்ணே. இன்னொரு பென்டிரைவுக்கு முதல்ல காப்பி எடுங்க" என்று, கறுப்புத் திரையைத் திறக்கச் சொன்னான். நாம் தட்டுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் அந்த மொழிபெயர்ப்பாளருக்குப் பெயர் ஷெல். இசட்-ஷெல், ஃபிஷ் என்று பல உண்டு. "ஆரம்பத்துக்கு 1989-ல வந்த பாஷ் போதும்ணே, பெரும்பாலும் அதுதான் இருக்கும்" என்றான். 'சி.பி.' என்று ஒரே வரி. மொத்த ஃபோல்டரும் நகலாகிவிட்டது. பேஷ்! ஆனால் அதிலேயே 'ஆர்.எம்.' என்று தட்டினால் குப்பைத்தொட்டிகூடக் கிடையாது. போனது போனதுதான்.

போட்டோக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த பிறகுதான் 'அழி' என்றேன்.

இப்போது ஓடுகிறது. பிரவுசரில் நாலு ஜன்னல் திறந்தால் மூச்சு வாங்கும். கணக்கு எழுத, பையன் தமிழ் டைப் பழக, தாராளம். திரையில் அப்பா சிரிக்கிறார்.

"பழசைக்கூடப் புதுசாக்கிடுதே!" என்று வியந்த மனைவி, என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்தத் தம்பிகிட்ட இன்னொரு பென்டிரைவ் கேட்டுப் பாருங்களேன்!"