தொலைவில் ரோபோ: இணைப்பின் வேகம் மட்டும் போதுமா?

புதிதாக இன்டர்நெட் இணைப்பு வாங்கும் பலரும் கேட்பது, "எத்தனை எம்.பி.பி.எஸ்.?" என்றுதான். சினிமா டவுன்லோட் செய்ய அந்தக் கணக்கு போதும். தொலைவில் உள்ள ரோபோவை இயக்க வேண்டுமானால், நாம் தரும் கட்டளை எத்தனை மில்லி செகண்டில் போய்ச் சேருகிறது என்று பார்க்க வேண்டும். (ஆயிரம் மில்லி செகண்ட் சேர்ந்தது ஒரு செகண்ட்.) இந்தத் தாமதத்தின் பெயர் லேட்டன்சி.

2001 செப்டம்பர் 7 அன்று, நியூயார்க்கில் இருந்த டாக்டர் ழாக் மாரெஸ்கோவின் குழு, பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் இருந்த பெண்ணின் பித்தப்பையை ரோபோ மூலம் அகற்றியது. டாக்டர் கையை அசைத்து, அதன் விளைவைத் திரையில் காண ஆன நேரம் சுமார் 155 மில்லி செகண்ட். அந்த ஆபரேஷனுக்கென்றே ஃபைபர் ஆப்டிக் இணைப்பை ஒதுக்கியிருந்தார்கள். மொபைல் நெட்வொர்க்கிலோ ஒரே டவரைப் பலர் பங்கு போடுகிறோம். தாமதம் ஏறும், இறங்கும். இதை ஜிட்டர் என்பார்கள்.

நெட்வொர்க் சாஃப்ட்வேரைச் சோதிப்பது என் வேலை. சராசரிக் கணக்கை நான் நம்புவதே இல்லை. 100 கட்டளைகளில் 99 கட்டளைகள் 20 மில்லி செகண்டிலும், ஒன்று மட்டும் 500 மில்லி செகண்டிலும் போகிறது என்று வையுங்கள். சராசரி 25கூட வராது; பார்க்க அழகாக இருக்கும். ஆனால் செகண்டுக்கு ஒரு மீட்டர் நகரும் ரோபோ கைக்கு "நில்" என்ற கட்டளைதான் அப்படித் தாமதமானது என்றால்? நிற்பதற்குள் அரை மீட்டர் போயிருக்கும். அங்கே ஒரு ஆள் நிற்கலாம்.

வழக்கமாக டவரின் ரேடியோவும் அதை இயக்கும் கம்ப்யூட்டரும் ஒரே நிறுவனத்திடமிருந்து வரும். 2018-ல் தொடங்கிய ஓ-ரான் அலையன்ஸ், ஒருவர் ரேடியோவை இன்னொருவர் சாஃப்ட்வேருடன் இணைக்கப் பொது விதிகளை வகுத்தது. ஓப்பன் ஏர் இன்டர்ஃபேஸ் போன்ற சாஃப்ட்வேர்களின் சோர்ஸ் கோடையே படிக்கலாம். தாமதம் எந்தப் பகுதியில் பிறக்கிறது என்று உள்ளே புகுந்து அளக்க முடிவது பெரிய வசதி. தலைவலியும் உண்டு. தனித்தனியே பாஸ் ஆன பாகங்கள் சேர்ந்ததும் நேரம் தவறலாம். எனவே எல்லாவற்றையும் இணைத்து, போலி மொபைல்களால் நெரிசல் உண்டாக்கி, மணிக்கணக்கில் ஓட்டி, மிக மோசமான தாமதத்தைக் குறிக்க வேண்டும். இணைப்பை வேண்டுமென்றே துண்டித்தும் பார்க்க வேண்டும். ரோபோ தானாக நிற்கிறதா? எனக்கு இந்தச் சோதனைதான் முக்கியம்.

உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் இதைப் பார்க்கலாம். கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, பிங் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, இடைவெளி விட்டு ஒரு இணையதள முகவரி தந்து என்டர் தட்டுங்கள். மினிமம், மேக்சிமம், ஆவரேஜ் என மூன்று எண்கள் வரும். மேக்சிமத்தைக் கவனியுங்கள். வை-ஃபையில் சில முறை, கேபிளைச் செருகிச் சில முறை செய்து ஒப்பிட்டுப் பாருங்கள்.