தீப்பந்தமும் தையல் இயந்திரமும்

மணிப்பூரில் துப்பாக்கிக்குப் பலியாகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அந்தச் சாவின் பாரத்தைச் சுமப்பவர்கள் பெண்கள். காரியம் முடிந்த மறுநாளே அடுப்பெரியவும் பிள்ளைகளின் படிப்பு நிற்காமலிருக்கவும் வழி தேட வேண்டியவள் மனைவி. சுட்டவர் யாரென்றே தெரியாதபோது வழக்கு நகர்வதில்லை. நிவாரணமும் எளிதில் வந்து சேர்வதில்லை. துப்பாக்கிக்கு எதிராக அங்கே பெண்கள் திரண்டது இந்தப் பாரத்தின் அழுத்தத்தால்தான்.

ஆயுதம் பெருகிய விதம்

ஒருவர் தனியாகத் தூக்கிச் சென்று இயக்கக்கூடிய கைத்துப்பாக்கி, ரைபிள், இலகு இயந்திரத் துப்பாக்கி போன்றவை சிறு ஆயுதங்கள் எனப்படுகின்றன. மறைப்பதும் கடத்துவதும் சுலபம். மணிப்பூர் மியான்மருடன் நீண்ட மலை எல்லையைப் பகிர்ந்துகொள்கிறது. 1960கள் முதல் ஆயுதக் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன. 1980இல் மாநிலம் முழுவதும் கலவரப் பகுதியாக அறிவிக்கப்பட்டு, 1958ஆம் ஆண்டின் ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்தின் கீழ் வந்தது. மத்திய அரசின் அனுமதியின்றிப் படையினர்மீது வழக்குத் தொடர இச்சட்டம் இடம் தரவில்லை. குழுக்களின் துப்பாக்கிக்கும் படையினரின் துப்பாக்கிக்கும் நடுவே குடும்பங்கள் சிக்கிக்கொண்டன.

தெருவைக் காத்த தாய்மார்கள்

மணிப்பூர்ப் பெண்களுக்குப் போராட்டம் புதிதல்ல. கட்டாய உழைப்பை எதிர்த்து 1904இலும், பஞ்ச காலத்தில் அரிசி வெளியேறுவதை எதிர்த்து 1939இலும் பிரிட்டிஷ் ஆட்சியோடு மோதியவர்கள் அவர்கள். 1970களில் மெய்தெய் சமூகப் பெண்கள் மதுவுக்கு எதிராக இரவு ரோந்து தொடங்கினார்கள். 1980 வாக்கில் நள்ளிரவுச் சோதனைகளும் இளைஞர்களைப் பிடித்துச் செல்வதும் பெருகியபோது, அதே ரோந்து ‘மெய்ரா பைபி’ ஆயிற்று. தீப்பந்தம் ஏந்துவோர் என்பது பொருள்.

ஏற்பாடு எளிமையானது. தெரு முனையில் ஒரு கொட்டகை. பெண்கள் முறை வைத்து அங்கே கண்விழிப்பார்கள். சந்தேகத்துக்கிடமாக ஏதாவது தென்பட்டால் ஒருத்தி கல்லை எடுத்து மின்கம்பத்தைத் தட்டுவாள். அந்த ஓசை கேட்டு அடுத்த தெருவின் கம்பமும் ஒலிக்கும். சற்று நேரத்தில் பந்தங்களோடு தெரு நிறைந்துவிடும்.

2004 ஜூலையில், அசாம் ரைஃபிள்ஸ் படையினர் இரவில் வீட்டிலிருந்து பிடித்துச் சென்ற தங்ஜம் மனோரமா குண்டுக் காயங்களுடன் சடலமாகக் கிடந்தார். ஜூலை 15 அன்று 12 தாய்மார்கள் இம்பாலில் அப்படை முகாமிட்டிருந்த காங்லா கோட்டை வாயிலில் ஆடை களைந்து நின்று நீதி கேட்டார்கள். நாடே அதிர்ந்தது. அடுத்த மாதம் இம்பாலின் ஏழு சட்டமன்றத் தொகுதிகளில் சிறப்பு அதிகாரச் சட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது. நவம்பரில் கோட்டை மாநில அரசின் கைக்கு வந்தது.

4,500 ரூபாயில் தொடங்கியது

அதே 2004ஆம் ஆண்டு டிசம்பர் 24. வாபகாய் லாம்காய் கிராமத்தில் கார் பேட்டரி கடை நடத்திய 27 வயது இளைஞர் ஒருவரை அடையாளம் தெரியாத மூன்று பேர் இழுத்துப்போய்ச் சுட்டுக் கொன்றார்கள். எழுத்தாளர் பினாலக்ஷ்மி நெப்ராமும் தோழிகளும் 4,500 ரூபாய் திரட்டி, கொல்லப்பட்டவரின் இளம் மனைவிக்கு ஒரு தையல் இயந்திரம் வாங்கிக் கொடுத்தார்கள். துக்கத்தில் உறைந்த ஒரு வீட்டில் சம்பாத்தியம் மீண்டும் தொடங்க அது போதுமானதாக இருந்தது. மணிப்பூர் பெண் துப்பாக்கி வன்முறைப் பாதிப்பாளர் வலைப்பின்னல் இதிலிருந்து வளர்ந்தது. சிறு கடன், வங்கிக் கணக்கு, நெசவுத் தொழில், சட்ட உதவி என அதன் பணி விரிந்தது. சுட்டவர் யார் என்று பார்க்காமல், பாதிக்கப்பட்டவள் யார் என்று மட்டும் பார்த்ததே அதன் பலம்.

மோதல் என்ற பெயரில் கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள், பெரிதும் விதவைகள், தனிச் சங்கம் அமைத்து 2012இல் உச்ச நீதிமன்றம் சென்றன. மனுவில் 1,528 மரணங்கள் பட்டியலிடப்பட்டன. நீதிபதி சந்தோஷ் ஹெக்டே தலைமையிலான குழு ஆறு வழக்குகளை ஆராய்ந்து, ஒன்றுகூட உண்மையான மோதல் அல்ல என்றது. 2017இல் சி.பி.ஐ. விசாரணைக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது.

உலக அளவிலும் பெண்கள் அமைப்புகளின் குரல் சட்டத்தில் ஏறியது. ஆயுத வர்த்தக ஒப்பந்தத்தின் 7ஆவது பிரிவு, விற்கும் ஆயுதம் பாலின அடிப்படையிலான வன்முறைக்குப் பயன்படுமா என்பதை ஏற்றுமதி செய்யும் நாடு கணக்கில் கொள்ள வேண்டும் என்கிறது. இந்த ஒப்பந்தத்தை ஏற்க 2013இல் ஐ.நா. பொதுச்சபையில் நடந்த வாக்கெடுப்பில் இந்தியா ஆதரித்தோ எதிர்த்தோ வாக்களிக்காமல் ஒதுங்கியது. ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த நாள் 2014 டிசம்பர் 24. வாபகாய் லாம்காய் கொலைக்குச் சரியாகப் பத்தாண்டுகள்.

மீண்டும் துப்பாக்கி

2023 மே மாதம் மெய்தெய், குக்கி-ஸோ சமூகங்களுக்கிடையே வன்முறை வெடித்தது. காவல் துறைக் கிடங்குகளிலிருந்து சுமார் 6,000 ஆயுதங்கள் சூறையாடப்பட்டன. குக்கி-ஸோ பெண்கள் நிர்வாணமாக ஊர்வலமாக இழுத்துச் செல்லப்பட்ட கொடுமையை உலகம் கண்டது. பெண்கள் இயக்கமும் இனவாரியாகப் பிளந்தது. ஜூன் மாதம் இத்தாம் கிராமத்தில் பெண்கள் முன்னின்ற கூட்டம் சூழ்ந்துகொண்டதால், பிடிபட்ட 12 ஆயுததாரிகளை ராணுவம் விட்டுச்செல்ல நேர்ந்தது. படைகளின் அத்துமீறலைத் தடுக்கப் பிறந்த பந்தம், தன் இனத்தின் துப்பாக்கிக்குக் காவலாகவும் நிற்கக்கூடும் என்ற கசப்பான பாடம் அது.

2025 பிப்ரவரியில் ஆளுநர் விடுத்த வேண்டுகோளுக்குப் பின், மார்ச் முதல் வாரத்துக்குள் ஏறத்தாழ 1,000 ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்டன. மீதியும் திரும்ப வேண்டுமானால் அண்டை ஊர்க்காரர் சுடமாட்டார் என்ற நம்பிக்கை இரு பக்கமும் முதலில் பிறக்க வேண்டும். ஒரு தையல் இயந்திரத்தைக் கொடுத்தபோது எந்தத் தரப்பு என்று கேட்காத அந்த மனமே நம்பிக்கைக்கு அடித்தளம்.