கார் கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டுவது: எல்லாம் தண்ணீரில் இருக்கிறது

கார் கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டுகிறவரின் பையில் பெரிய இயந்திரம் எதுவும் இருக்காது. இரண்டு ஸ்ப்ரே பாட்டில், ஒரு பேப்பர் கட்டர், சுரண்டுகிற பிளேடு, மெத்தென்றும் கெட்டியாகவும் நாலைந்து விதமான ஸ்க்வீஜி, ஒரு ஹீட் கன். இவ்வளவுதான். இவற்றில் பெரும்பாலானவை தண்ணீரைக் கொண்டுவருவதற்கோ தண்ணீரை வெளியேற்றுவதற்கோ இருப்பவை. ஃபிலிமுக்கும் கண்ணாடிக்கும் நடுவே தண்ணீர் இருக்கும்வரை ஃபிலிமை இப்படியும் அப்படியும் நகர்த்தலாம். சரியான இடத்தில் உட்கார்ந்ததும் அந்தத் தண்ணீரை வழித்தெடுத்துவிட்டால் பசை கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். ஒட்டும் வேலையின் சூட்சுமம் முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

முதலில் ஃபிலிமைத் தெரிந்துகொள்வோம். அது மெல்லிய பாலியெஸ்டர் தாள். பெரும்பாலும் 38 முதல் 50 மைக்ரான் கனம் இருக்கும். ஒரு பக்கம் கீறல் விழாமல் காக்கும் பூச்சு. மறுபக்கம் பசை, அதன்மேல் லைனர் என்னும் கண்ணாடி போன்ற இன்னொரு தாள். எந்தப் பக்கம் லைனர் என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். ஒரு மூலையின் இரு பக்கமும் செலோ டேப் துண்டை ஒட்டி இழுத்தால் லைனர் தனியே பிரிந்து வரும்.

சாயம் ஏற்றிய ஃபிலிம் மலிவு. ஆனால் சில வருட வெயிலில் ஊதா நிறமாக வெளுத்துவிடும். உலோகப் பூச்சு உள்ளது வெப்பத்தை நன்றாகத் தடுக்கும். ஆனால் முன்கண்ணாடியில் ஒட்டினால் ஃபாஸ்டேக் சிக்னலுக்கு இடைஞ்சல் வரலாம். செராமிக் ஃபிலிம் விலை அதிகம். அது கறுப்பாக இல்லாமலே அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கிறது. கறுப்பாக இருந்தால்தான் வண்டிக்குள் சூடு குறையும் என்ற நம்பிக்கை நம்மிடையே வலுவாக இருக்கிறது; அது சரியல்ல. நல்ல செராமிக் ஃபிலிம் ஒன்று, பார்க்கத் தெளிவாக இருந்தபடியே, மலிவான கறுப்பு ஃபிலிமைவிட அதிகச் சூட்டைத் தடுக்கும்.

நம் நாட்டில் இந்த வேறுபாடு மிகவும் முக்கியம், ஏனென்றால் சட்டம் கறுப்பை அனுமதிப்பதில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100-ஆம் விதிப்படி முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீதமும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் ஒளியை உள்ளே விட வேண்டும். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், எவ்வளவு ஒளியை விடும் ஃபிலிமாக இருந்தாலும் ஒட்டவே கூடாது என்றது. பிறகு விதி திருத்தப்பட்டு, 2021 ஏப்ரல் முதல் தரநிலைக்கு உட்பட்ட ‘சேஃப்டி கிளேசிங்’, அதாவது ஃபிலிம் சேர்ந்த பாதுகாப்புக் கண்ணாடியும், அதில் இடம்பெற்றது. அதன் அடிப்படையில், அளவுக்குள் இருக்கும் ஃபிலிமுக்கு அபராதம் விதிக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2024-இல் தீர்ப்பளித்தது.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். அளவு என்பது ஃபிலிமுக்கு மட்டும் அல்ல, கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்ததற்கு. கம்பெனியிலிருந்து வரும் கண்ணாடியே 75 சதவீத ஒளியைத்தான் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 70 சதவீத ஃபிலிம் ஒட்டினால் மொத்தம் 52.5, பக்கக் கண்ணாடிக்குத் தப்பும். ‘50 சதவீத ஃபிலிம்தான், சட்டப்படி சரி’ என்று கடைக்காரர் சொன்னதை நம்பி ஒட்டினால் மொத்தம் 37.5-க்கு இறங்கிவிடும். பில்லையும் ஃபிலிமின் விவரச் சீட்டையும் வண்டியிலேயே வைத்திருங்கள்.

இனி வேலைக்கு வருவோம். ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சில சொட்டு பேபி ஷாம்பு போதும். சோப்பு கூடினால் பசை பலவீனமாகும். குறைந்தால் ஃபிலிம் வைத்த இடத்திலேயே பிடித்துக்கொண்டு நகர மறுக்கும். போர்வெல் தண்ணீர் மட்டும் கூடவே கூடாது. நம் ஊர்களில் பல இடங்களில் அது உப்பு நீர். தண்ணீர் காய்ந்த பிறகும் உப்பு ஃபிலிமுக்கு அடியில் வெள்ளையாகத் தங்கிவிடும். ஆர்ஓ தண்ணீரோ டிஸ்டில்ட் வாட்டரோ பயன்படுத்துங்கள்.

அடுத்தது சுத்தம். ஒட்டும் நேரத்தைவிட இதற்கு அதிக நேரம் ஆக வேண்டும்; ஆகாவிட்டால் சந்தேகப்படுங்கள். கண்ணாடி பார்வைக்குச் சுத்தமாக இருந்தாலும், ஈரப்படுத்திப் பிளேடால் சுரண்டும்போது கறகறவென்று சத்தம் வரும். கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் துகள்கள்தான் அதற்குக் காரணம். சத்தம் நிற்கும்வரை சுரண்ட வேண்டும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, எப்போதும் ரப்பருக்குள் மறைந்திருக்கும் மேல் விளிம்பையும் துடைக்க வேண்டும். கீழே பீடிங் ரப்பரில் வேகமாகத் தண்ணீர் அடித்தால் அங்கே சேர்ந்திருக்கும் மண் மேலே கிளம்பி வந்துவிடும். அங்கே துடைத்தெடுப்பதே நல்லது. பவர் விண்டோ சுவிட்சுக்குள் தண்ணீர் இறங்காமல் டோர் பேடின் மேல் துண்டு விரிப்பதும் மறக்கக் கூடாத வேலை. பஸ்ஸும் லாரியும் புழுதி கிளப்பும் சாலையோரத்தில் நிறுத்தி ஒட்டிக்கொடுக்கும் கடைகளில் நான் வண்டியை விட மாட்டேன். எவ்வளவு கைத்திறன் இருந்தாலும் காற்றில் வரும் தூசியை யாரால் தடுக்க முடியும்?

ஃபிலிம் ஒட்டுவது கண்ணாடியின் உள்பக்கம். வெட்டுவது வெளிப்பக்கம். வெளியே தண்ணீர் அடித்து, லைனர் நம்மைப் பார்க்கும்படி ஃபிலிமை விரித்து, கண்ணாடியின் வடிவத்துக்கு வெட்டுவார்கள். பீடிங்குக்குள் செருகக் கீழே கொஞ்சம் கூடுதலாக விட வேண்டும். மேல் விளிம்பில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறைத்து வெட்ட வேண்டும். விளிம்பைத் தாண்டி நீட்டினால் ஏற்றி இறக்கும்போது உரசி உரிந்து வரும். மழுங்கிய பிளேடு ஃபிலிமைக் கிழிக்கும், அழுத்தி வெட்டினால் கண்ணாடியிலும் கோடு போடும். அதனால் ஒவ்வொரு கண்ணாடிக்கும் கட்டரின் நுனியை ஒடித்துப் புது முனை எடுப்பது நல்ல பழக்கம்.

பின்கண்ணாடியில்தான் உண்மையான தொழில் தெரியும். அது இரு திசையிலும் வளைந்தது. தட்டையான தாளை அதன்மேல் போர்த்தினால், ரவிக்கையில் டக் பிடித்த இடம்போல, மேலும் கீழும் மடிப்புகள் எழும்பி நிற்கும். தொழிலில் இவற்றை ஃபிங்கர் என்கிறார்கள். சூடு காட்டிச் சுருக்கித்தான் இவற்றை ஒழிக்க வேண்டும். ஃபிலிம் முக்கியமாக ரோலின் நீளவாக்கில்தான் சுருங்கும். ஆகவே ரோலைக் கண்ணாடியின் அகலவாக்கில் விரித்து, மிச்சம் செங்குத்து மடிப்புகளாக நிற்கும்படி ஒதுக்குவார்கள். பக்கவாட்டில் படுக்கையாக விழுந்த மடிப்பு லேசில் சுருங்காது. கண்ணாடியின் வெளிப்பக்கம் பேபி பவுடரை லேசாகத் தடவி, ஃபிலிம் நழுவாமல் இருக்க ‘எச்’ வடிவத்தில் மட்டும் ஈரம் தடவிக்கொண்டு, மடிப்புகளின்மேல் ஹீட் கன்னை ஆட்டிக்கொண்டே காட்டுவார்கள். சுருங்கத் தொடங்கும் நேரத்தில் மடிப்பின் மேற்பரப்பு லேசாகச் சொரசொரக்கும். அந்த நொடியில் சூட்டை எடுத்து, கெட்டியான அட்டையால் அழுத்திப் படிய வைக்க வேண்டும். ஒரே இடத்தில் சூடு நின்றால் ஃபிலிம் நிரந்தரமாகச் சுருண்டுபோகும். ஏற்கெனவே சின்ன விரிசல் உள்ள கண்ணாடி உடைந்தும் போகலாம்.

லைனரை உரிக்கும்போது நிலைமின்சாரம் உண்டாகி, சுற்றியுள்ள தூசியை ஃபிலிம் இழுத்துக்கொள்ளும். எனவே ஒருவர் உரிக்க உரிக்க, இன்னொருவர் பசைப் பக்கத்தில் சோப்புத் தண்ணீர் அடித்துக்கொண்டே வர வேண்டும். கண்ணாடியும் நனைந்திருக்க வேண்டும், விரல்களும் நனைந்திருக்க வேண்டும். காய்ந்த விரல் பட்டால் பசையில் ரேகை பதிந்துவிடும். மேல் பாதியை முதலில் பொருத்தி, கண்ணாடியை ஏற்றி, மீதி லைனரை உரித்துக் கீழ்ப்பகுதியை ரப்பருக்குள் செருகுவார்கள். பிறகு ஃபிலிமின் மேலும் தண்ணீர் அடித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஒரு இழுப்பின்மேல் அடுத்த இழுப்பு கொஞ்சம் ஏறும்படி ஸ்க்வீஜியால் வழிக்க வேண்டும். கடைசியாக, பஞ்சு உதிராத காகிதம் சுற்றிய கெட்டி அட்டையை ஓரங்களில் ஓட்டினால் மிச்ச ஈரம் அதில் ஏறிவிடும். பல இடங்களில் அவசரத்தில் இதை விட்டுவிடுகிறார்கள். ஓரம் உரிவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

ஒட்டிய பிறகு நாலைந்து நாள் கண்ணாடியை இறக்காதீர்கள். மங்கலாகவும் சிறு தண்ணீர்க் குமிழிகளாகவும் தெரிந்தால் பயம் வேண்டாம். நம் வெயிலில் சில நாட்களில், மழைக்காலமென்றால் சில வாரங்களில் காய்ந்து மறையும். குமிழின் நடுவே ஒரு கறுப்புப் புள்ளி இருந்தால் அது தூசி. அது காயாது, போகாது. வண்டியை எடுக்கும்போதே அதைக் காட்டி மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். அம்மோனியா கலந்த கிளீனரால் பிறகு எப்போதும் துடைக்காதீர்கள். ஃபிலிமை அது கெடுக்கும்.

பழைய ஃபிலிமை எடுப்பதானால் ஸ்டீமர்தான் நல்லது. பசையை ஆவியால் இளக்கி, மூலையிலிருந்து மெதுவாக முழுத்தாளாக இழுக்க வேண்டும். பக்கக் கண்ணாடியில் தங்கிய பசையைப் பிளேடால் சுரண்டலாம். பின்கண்ணாடியில் டீஃபாகர் கோடுகள் உள்பக்கம்தான் இருக்கின்றன. அங்கே பிளேடு வைத்தால் கோடு அறுந்து, அந்த வரி முழுதும் பனி விலகாது. பசையை ஊறவைத்து, நனைந்த துணியால் கோடு ஓடும் திசையிலேயே தேய்த்து எடுங்கள். ஏற்கெனவே அறுந்திருந்தால், மின்சாரம் கடத்தும் வெள்ளிப் பெயின்ட்டைத் தடவி அந்த இடத்தை இணைக்கலாம்.