தைவான் தட்டு: அடுப்பு ஏறாத அத்தி

சென்ற வாரம் நாறும் தோஃபுக் கடையோடு நிறுத்தியிருந்தோம். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம். இந்த வாரம் ஜவ்வரிசி மிதக்கும் பால் தேநீர் என்று சொல்லியிருந்தேன். ஆனால் தேநீர்க் கடைக்குப் போகிற வழியில் ஓர் அத்திக்கொடி மறித்துக்கொண்டது. அதைச் சொல்லிவிட்டுத்தான் நகர முடியும்.

ஊர் ஜியாயி. தைவானின் தென்மேற்கில், கடகரேகை கடந்து போகும் நிலம். ரேகை ஓடும் இடத்தில் 1908இலேயே ஒரு நினைவுச் சின்னம் எழுப்பிவிட்டார்கள். புயலிலும் நிலநடுக்கத்திலும் சிதைந்து, மறுபடி மறுபடி கட்டப்பட்டு இன்றும் நிற்கிறது. அந்த ரேகைக்குரிய வெக்கை ஊர் முழுக்க இருக்கிறது. வென்ஹுவா சாலையில் சாயங்காலம் சந்தை கூடியதும் சனம் குளிர்ச்சியாக எதையாவது தேடுகிறது. அப்படிக் கைக்கு வருவதுதான் ஐயூ.

பார்வைக்கு இளமஞ்சள். கரண்டி பட்டால் நடுங்கும். தனக்கென்று பெரிய ருசி கிடையாது. எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, ஐஸ் சேர்த்துத் தருகிறார்கள். மதுரை ஜிகர்தண்டாவில் கடல்பாசி சாப்பிட்டுப் பழகிய நாக்குக்கு இது அந்நியமாகவே படாது. ஆனால் கடல்பாசியைக் கொதிக்கவைத்துக் கரைத்து ஆறவிட்டால்தான் உறையும். ஐயூ அடுப்பையே பார்ப்பதில்லை. இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்து ஆட்டிய சங்கதி இதுதான்.

ஐயூ, அத்தி இனத்துக் கொடி. பாறையிலும் மரத்திலும் பற்றி ஏறும். அலிஷான் மலையில் வாழும் சோ பழங்குடியினர் அதன் காய்களைப் பறித்து வருகிறார்கள். தோல் சீவி, பிளந்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி வெயிலில் காயவைப்பார்கள். காய்ந்ததும் ஒட்டியிருக்கும் பொடி விதைகளைச் சுரண்டி எடுத்து, துணிப்பையில் கட்டி, பச்சைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிசைவார்கள். வழவழவென்று சாறு இறங்கும். பையை எடுத்துவிட்டுப் பாத்திரத்தை ஆடாமல் அசையாமல் விட்டுவைத்தால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் முழுக்கக் கட்டியாகி நிற்கும்.

எங்கள் ஊர் வீரபாண்டிக்குப் போன் போட்டு அம்மாச்சியிடம் சொன்னேன்.

"ஏப்பா, தண்ணி எப்படிப்பா தானா உறையும்? பாலுக்குப் பிரை ஊத்துற மாதிரி எதையாச்சும் ஊத்தியிருப்பாங்ய."

"இல்ல அம்மாச்சி, விதையும் தண்ணியுந்தான்."

"அப்ப அந்த விதைக்குள்ளதான் பிரை இருக்கு."

அம்மாச்சி சொன்னது அப்படியே உண்மை. விதையோடு பெக்டினும் இருக்கிறது, அதைத் திருத்தும் ஒரு நொதியும் இருக்கிறது. பிசையும்போது இரண்டும் சேர்ந்து தண்ணீரில் இறங்குகின்றன. நொதி, பெக்டின் இழைகளில் ஒட்டியிருக்கும் மெத்தில் தொகுதிகளைக் கழற்றிவிடுகிறது. அப்படிக் காலியான இடங்களில் தண்ணீரிலுள்ள கால்சியம் வந்து உட்கார்ந்து இழையை இழையோடு பூட்டுகிறது. ஆகவே வாலை வடித்த நீரில் ஐயூ உறையாது. கொதிநீரில் பிசைந்தால் நொதி செத்துப்போகும். பையிலோ பாத்திரத்திலோ எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது என்பார்கள் பிசைகிறவர்கள். உறைந்ததை நெடுநேரம் வைத்திருந்தால் நீர் விட்டுச் சுருங்கிவிடும். அன்றைக்குப் பிசைந்ததை அன்றைக்கே தின்ன வேண்டும்.

தைவானின் வரலாற்றை எழுதிய லியன் ஹெங் இதன் கதையையும் பதிந்து வைத்திருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தைனான் வணிகர் ஒருவர் ஜியாயி மலைப்பக்கம் போயிருக்கிறார். உச்சிவெயிலில் தாகம். ஓடையில் குனிந்தால் தண்ணீர் கட்டியாகக் கிடந்தது. அள்ளிக் குடித்தால் அப்படியொரு குளிர்ச்சி. மேலே பார்த்தார், கொடியிலிருந்து காய் உதிர்ந்து ஓடையில் கிடந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து பிசைந்து பார்க்க, அவருடைய மகள் ஐயூ அதை விற்கத் தொடங்கினாளாம். அந்தப் பெண்ணின் பெயரே பண்டத்துக்கு நின்றுவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அத்தி பூப்பதை யாரும் பார்ப்பதில்லை, பூவெல்லாம் காய்க்குள்ளேயே அடைந்திருப்பதால். ஐயூக் கொடியில் ஆண் தனி, பெண் தனி. ஆண் கொடியின் காய்க்குள் பிறக்கும் சின்னஞ்சிறு குளவி, மகரந்தத்தைச் சுமந்துகொண்டு வெளியேறுகிறது. அது பெண் கொடியின் காய்க்குள் புகுந்தால் முட்டையிட முடியாது. மகரந்தத்தைச் சேர்த்துவிட்டு உள்ளேயே மடிகிறது. அது புகாத காயில் விதை பிடிக்காது. சந்தையில் விற்கும் ஒவ்வொரு கிண்ணத்துக்குப் பின்னாலும் இப்படிப் போய்ச் சேர்ந்த குளவிகள் இருக்கின்றன.

வீரபாண்டிக்காரருக்கு அத்தியும் தண்ணீரும் சேர்ந்தால் உடனே ஒன்று நினைவுக்கு வரும். கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் முக்கொம்பான அத்திமரக் கம்பம் நடுவார்கள். முல்லையாற்றில் தண்ணீர் மொண்டு வந்து பெண்கள் அந்தக் கம்பத்துக்கு ஊற்றுவார்கள். எங்களுக்கு அத்தி என்றால் குளிர்விக்க வேண்டிய தெய்வம். ஜியாயிக்காரர்களுக்கு அவர்களையே குளிர்விக்கும் கொடி.

தைவானுக்குப் படிக்க வரும் நம் பிள்ளைகள் கடையில் முதலில் கேட்பது, இதில் கறி இருக்கிறதா, பன்றிக்கொழுப்பு இருக்கிறதா என்பதைத்தான். அது நியாயமான கேள்வி. புத்த மதத்தவர் நடத்தும் சைவக் கடைகள் இங்கே ஏராளமாக இருப்பதால் பதிலும் சுலபமாகக் கிடைத்துவிடும். ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. எந்த மலையில் காய்த்தது, யார் பறித்தது, எந்தத் தண்ணீரில் பிசைந்தது என்றும் கேட்க வேண்டும். அயல்நாட்டில் ருசி முதல் வாயிலேயே பிடிபட்டுவிடும். அந்த ஊர் பிடிபடுவது இந்தக் கேள்விகளில்தான். தண்ணீரைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. நம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்புச் சத்துதான் இங்கே ஐயூவைக் கட்டியாக்குகிறது. சுத்திகரிப்பு எந்திரம் அதைத்தான் வடிகட்டி வெளியே தள்ளுகிறது.

பால் தேநீருக்கு இடமில்லாமல் போயிற்று. அடுத்த வாரம் கட்டாயம் உண்டு. முத்துப்போட்ட தேநீரை முதலில் கண்டுபிடித்தது யார் என்று தைச்சுங் கடை ஒன்றும் தைனான் கடை ஒன்றும் நீதிமன்றம் ஏறி, 2019 வரை நடத்திய வழக்கைச் சொல்கிறேன். போர்க்காலத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசி வராமல் நின்றபோது, 1943இல் சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி உருட்டிய கதையையும் அதோடு சேர்க்க வேண்டும். சேலத்து ஜவ்வரிசியும் தைச்சுங் முத்தும் ஒரே கிழங்கின் மாவு. ஊரிலிருந்து ஒரு பொட்டலம் வந்து சேர்ந்திருக்கிறது. இரண்டையும் ஒரே அடுப்பில் வேகவைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.