தேடி அலையாமல் வாசிக்க: ஆர்.எஸ்.எஸ். வாசிப்பான் ஓர் அறிமுகம்

ஆர்.எஸ்.எஸ். என்ற மூன்று எழுத்துக்களைக் கண்டதும் நம்மில் பலருக்கு 1925இல் நாக்பூரில் தொடங்கப்பட்ட இயக்கம்தான் ஞாபகத்துக்கு வரும். இந்தக் கட்டுரையின் தலைப்பைச் சொன்னபோது சக ஆசிரியர் ஒருவர், "என்ன ஸேர், நீங்களுமா?" என்று பகிடியாகக் கேட்டார். பயப்படத் தேவையில்லை. இது அதுவல்ல. இணையத்தளங்களில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்பதை நாம் ஒவ்வொன்றாகத் தேடிப் போகாமல் ஓரிடத்தில் இருந்தபடியே அறிந்துகொள்வதற்கான ஒரு பழைய, எளிய, செலவில்லாத வழி.

இதை இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இலங்கை முஸ்லிம்களைப் பற்றியும் அவர்களது தமிழைப் பற்றியும் வெளிவரும் எழுத்துக்கள் இன்று ஓரிடத்தில் இல்லை. ஓர் ஆய்வுக் கட்டுரை பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் கிடக்கும். ஒரு பழைய சஞ்சிகை மின்னூலகத்தில் பதிவேறியிருக்கும். ஒரு நல்ல கவிதை எழுத்தாளரின் சொந்தத் தளத்தில் இருக்கும். நாம் இவற்றைப் பெரும்பாலும் தற்செயலாகத்தான் காண்கிறோம். யாராவது வட்ஸ்அப்பில் அனுப்பினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. "அப்பிடி ஒண்டு வந்ததே தெரியாமப் போச்சே" என்ற பேச்சை எத்தனை இலக்கியக் கூட்டங்களில் கேட்டிருப்போம்!

ஓடை என்றால் என்ன?

பாடசாலை அறிவித்தல் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். பாடசாலைக்குள் எத்தனையோ அலுவல்கள் நடக்கும். ஆனால் புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டியவை மட்டும் அந்தப் பலகையில் ஒட்டப்படும். அதுபோல, பல இணையத்தளங்கள் தமது முகப்புப் பக்கத்துக்கு அப்பால் ஒரு சிறிய கோப்பையும் வைத்திருக்கின்றன. அண்மையில் வெளியானவற்றின் தலைப்பு, இணைப்பு, திகதி, சுருக்கம் ஆகியவை மட்டுமே அதில் இருக்கும். சில தளங்கள் முழுக் கட்டுரையையும் அதிலேயே கொடுத்துவிடும். இந்தக் கோப்பைத்தான் 'செய்தியோடை' அல்லது சுருக்கமாக 'ஓடை' என்கிறோம்.

அந்தப் பலகையை நமக்காகப் போய்ப் பார்த்து வரும் பிள்ளைதான் 'வாசிப்பான்' என்ற மென்பொருள். நாம் எத்தனை தளங்களின் ஓடைகளைச் சேர்த்து வைத்திருக்கிறோமோ, அத்தனையையும் அது குறித்த நேரத்துக்கு ஒருமுறை சென்று பார்க்கும். முன்னர் கண்டவற்றோடு ஒப்பிட்டு, புதியவற்றை மட்டும் நம் முன்னால் வரிசைப்படுத்தும். அந்தத் தளங்களுக்கு நமது பெயரையோ, மின்னஞ்சலையோ, தொலைபேசி இலக்கத்தையோ கொடுக்க வேண்டியதில்லை. ஒரு தளம் பிடிக்காவிட்டால் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம், அத்தோடு முடிந்தது.

வந்த வழி

1999இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் டான் லிபி, ராமநாதன் குஹா ஆகியோர் இதன் முதல் வடிவத்தை உருவாக்கினர். குஹா சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். அடுத்த ஆண்டு வெளியான இன்னொரு வடிவத்தை எழுதிய குழுவில் ஆரோன் சுவார்ட்ஸ் என்ற சிறுவனும் இருந்தான். அப்போது அவனுக்கு வயது 14. நமது ஒன்பதாம் தர மாணவனின் வயது! டேவ் வைனர் 2002இல் வெளியிட்ட 2.0 என்ற வடிவமே இன்றுவரை பெருவழக்கில் உள்ளது. 'மிக எளிய பகிர்வு' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களே ஆர்.எஸ்.எஸ். என விரியும். 'அடொம்' என்ற இன்னொரு வகை 2005இல் தரமாக ஏற்கப்பட்டது. இரண்டும் செய்யும் வேலை ஒன்றுதான். வாசிப்பான்கள் இரண்டையும் விளங்கிக்கொள்ளும்.

2005இல் கூகுள் வெளியிட்ட கூகுள் ரீடர் பெரும் புகழ் பெற்றது. 2013 ஜூலை முதலாந் திகதி அதை நிறுத்திவிட்டார்கள். அத்துடன் ஆர்.எஸ்.எஸ். செத்துப்போனது என்று பலர் நினைத்தார்கள். அது சாகவில்லை. பொட்காஸ்ட் கேட்பவர்கள் ஒவ்வொரு நாளும் தங்களை அறியாமலே இதைத்தான் பாவிக்கிறார்கள். ஒலிக்கோப்புகள் அவர்களது கைப்பேசிக்கு வந்து சேருவது ஆர்.எஸ்.எஸ். ஓடை வழியாகத்தான்.

மத்னும் ஸனதும்

முகநூலில் ஒரு பக்கத்தை நாம் பின்தொடர்ந்தாலும் அதில் வருவதெல்லாம் நமக்குக் காட்டப்படுவதில்லை. எதைக் காட்டுவது, எதை மறைப்பது, எதை மேலே வைப்பது என்பதை அந்த நிறுவனத்தின் கணிப்புமுறை தீர்மானிக்கிறது. கோபமூட்டும் பதிவுக்குப் பின்னூட்டம் அதிகம் வரும். ஆகவே அது மேலே ஏறும். அறபுத்தமிழ்ச் சொற்கள் பற்றிய கட்டுரைக்கு யார் பின்னூட்டம் போடப் போகிறார்கள்? அது அடியில் கிடந்து மறைந்துபோகும்.

இதன் விலை என்னவென்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 மார்ச்சில் திகனையிலும் அதனை அண்டிய பகுதிகளிலும் வன்செயல்கள் நடந்தபோது சமூக ஊடகங்களில் பரவிய வெறுப்புப் பேச்சு அதற்கு நெய்யூற்றியது. அரசாங்கம் முகநூல், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றைச் சில நாட்கள் முடக்கியது. 2020 மே மாதத்தில் பேஸ்புக் நிறுவனமே இதில் தனது தளத்துக்கிருந்த பங்குக்காக மன்னிப்புக் கோரியது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின்னரும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. எல்லாச் செய்தியையும் இந்த ஒரே வாசலால் பெறுபவருக்கு, வாசல் திறந்திருக்கும்போது வதந்தி வருகிறது. அடைக்கப்படும்போது ஒன்றுமே வருவதில்லை.

ஹதீஸ் கலை படித்தவர்களுக்கு மத்ன், ஸனது என்ற இரண்டும் தெரியும். சொல்லப்பட்ட விடயம் மத்ன். அது யார் வாய்வழியாக வந்தது என்ற தொடர் ஸனது. வட்ஸ்அப்பில் சுற்றிவரும் செய்திக்குப் பெரும்பாலும் மத்ன் மட்டும்தான் இருக்கும். யார் எழுதியது, எப்போது எழுதியது, யார் வெட்டி ஒட்டியது என்று கேட்டால், "குறூப்பில வந்திச்சி" என்பதே பதில். ஓடையில் வரும் ஒவ்வொன்றும் அது எந்தத் தளத்திலிருந்து வந்தது என்பதையும் மூலப் பக்கத்துக்கான இணைப்பையும் சுமந்துகொண்டு வருகிறது. இடையில் கைமாற்றுபவர் இல்லை. ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. மூலம் தெரிந்திருப்பது வேறு, மூலம் நம்பகமானதாக இருப்பது வேறு. பொய் சொல்லும் தளத்துக்கும் ஓடை இருக்கும். அறிவிப்பாளரை எடைபோடும் பொறுப்பு எப்போதும் வாசகருடையதுதான். அந்தப் பொறுப்பைச் செய்வதற்கு வேண்டிய தகவலை ஓடை நமது கையில் தருகிறது.

சரி, எப்படிப் பாவிக்கிற?

முதலில் ஒரு வாசிப்பானைத் தெரிவுசெய்ய வேண்டும். ஃபீட்லி, இனோரீடர் ஆகியன இணையத்தில் இயங்குபவை. இவற்றில் ஒரு கணக்குத் திறந்தால் கணினியிலும் கைப்பேசியிலும் ஒரே பட்டியலைப் பார்க்கலாம். இலவசக் கணக்கில் சில வரையறைகள் உண்டு. சாதாரண வாசகருக்கு அதுவே போதும். கணக்கெல்லாம் வேண்டாம் என்பவர்கள் அண்ட்ரொயிட் கைப்பேசியில் ஃபீடர் என்ற செயலியையும், ஐபோனில் நெட்நியூஸ்வயர் என்ற செயலியையும் பாவிக்கலாம். கணினியில் மின்னஞ்சலுக்காகத் தண்டர்பேர்ட் வைத்திருப்போர் அதிலேயே ஓடைகளையும் சேர்க்கலாம்.

அடுத்தது ஓடையைச் சேர்ப்பது. விருப்பமான தளத்தின் முகவரியைப் பிரதிசெய்து வாசிப்பானின் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். பெரும்பாலும் வாசிப்பானே ஓடையைக் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடிக்காவிட்டால், தளத்தின் அடிப்பகுதியில் செம்மஞ்சள் நிறச் சதுரம் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு புள்ளியும் அதிலிருந்து பரவும் இரண்டு வளைவுகளும் அதற்குள் இருக்கும். அதை அழுத்தினால் ஓடையின் முகவரி கிடைக்கும். வேர்ட்பிரஸ் மென்பொருளில் அமைந்த தளமானால் முகவரியின் முடிவில் ஒரு சாய்கோடு போட்டு எஃப், ஈ, ஈ, டி என்ற நான்கு ஆங்கில எழுத்துக்களைச் சேர்த்தால் போதும். யூடியூப் அலைவரிசைகளையும் இவ்வாறே சேர்க்கலாம். பயான்களையும் இலக்கிய உரைகளையும் யூடியூப்பின் பரிந்துரைகளுக்குள் சிக்காமல் பின்தொடர இது நல்ல வழி.

மூன்றாவது, வகைப்படுத்தல். 'செய்தி', 'ஆய்வு', 'இலக்கியம்' என்று தனித்தனி அடுக்குகளை வைத்துக்கொள்ளுங்கள். செய்தித் தளமொன்று ஒரு நாளைக்கு ஐம்பது தலைப்புகளைக் கொட்டும். ஆய்விதழ் மூன்று மாதத்துக்கு ஒன்றுதான் தரும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் பின்னது தாண்டுபோகும். நான் ஸுபஹுக்குப் பிறகு கால்மணி நேரம் தலைப்புகளைப் பார்த்து, வேண்டியதற்கு நட்சத்திரக் குறியிட்டு, மிச்சத்தையெல்லாம் 'வாசித்தாயிற்று' என்று தள்ளிவிடுவேன். குறியிட்டவை வார இறுதிக்கு.

ஆய்வாளருக்கு

இந்தக் கருவியின் முழுப் பயனும் ஆய்வு செய்வோருக்குத்தான். இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேர்த்துவரும் 'நூலகம்' தளமும் தமிழ் விக்கிப்பீடியாவும் மீடியாவிக்கி என்ற ஒரே மென்பொருளில் அமைந்தவை. அந்த மென்பொருளில் 'அண்மைய மாற்றங்கள்' என்ற பக்கத்துக்கு ஓர் ஓடை உண்டு. அதற்கும் மேலாக, தனியொரு பக்கத்தின் வரலாற்றுக்கும் ஓடை உண்டு. சித்திலெப்பை பற்றிய விக்கிப்பீடியாப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். முஸ்லிம் நேசன் தொடங்கியது 1882. அசன்பேயுடைய கதை வெளிவந்தது 1885. இந்த ஆண்டுகளை யாராவது மாற்றி எழுதினால் அடுத்த நாள் காலையிலேயே நமது வாசிப்பானில் தெரிந்துவிடும். நமது பிள்ளைகள் ஒப்படைகளை எங்கிருந்து பார்த்து எழுதுகிறார்கள் என்பதை அறிந்த ஆசிரியர்கள் இதன் பெறுமதியை உணர்வார்கள்.

உலகெங்கும் பல பல்கலைக்கழகக் களஞ்சியங்கள் டிஸ்பேஸ் என்ற மென்பொருளிலும், பல ஆய்விதழ்கள் ஓப்பன் ஜேர்னல் சிஸ்டம்ஸ் என்ற மென்பொருளிலும் இயங்குகின்றன. இரண்டிலும் ஓடை தரும் வசதி இருக்கிறது. நிர்வாகிகள் அதை முடக்காதவரை, புதிய இதழ் வந்ததும் கட்டுரைத் தலைப்புகள் நம்மிடம் வந்து சேரும்.

எந்தத் தளத்தில் வரும் என்று தெரியாத விடயத்துக்குக் கூகுள் அலேர்ட்ஸ் உதவும். தேடற் சொல்லை மேற்கோள் குறிக்குள் இட்டு, மின்னஞ்சலுக்குப் பதிலாக ஆர்.எஸ்.எஸ். ஓடையாகத் தரும்படி தெரிவுசெய்யலாம். இங்கே தமிழ் எழுத்துக்கூட்டல் நம்மைச் சோதிக்கும். அறபுத்தமிழ், அரபுத்தமிழ், அறபுத் தமிழ், அரபுத் தமிழ் என்று நால்வகையாகவும் எழுதுகிறார்கள். இடையிலுள்ள வெற்றிடமும் ஒரு வேறுபாடுதான். ஒன்றை மட்டும் கொடுத்தால் மற்றவை தப்பிவிடக்கூடும். நான்குக்கும் தனித்தனியே கொடுத்துவிடுவதே நல்லது.

சில தடைகள்

முகநூல் பக்கங்களுக்கு ஓடை இல்லை. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய தளங்களின் ஓடை வாசிப்பானில் விளங்காத ஆங்கில எழுத்துக் கோவையாகத்தான் தெரியும்; யூனிகோட் எழுத்தே பிழையின்றி வரும். ஓடை ஆவணகமுமல்ல. வேர்ட்பிரஸ் தளமொன்று வழமையாகக் கடைசிப் பத்துப் பதிவுகளையே அதில் வைத்திருக்கும். வேண்டியதை வந்தவுடனேயே சேமித்துக்கொள்ள வேண்டும். கூகுள் ரீடருக்கு நடந்தது எந்தச் சேவைக்கும் நடக்கலாம் என்பதால், ஓ.பி.எம்.எல். என்ற கோப்பாக நமது ஓடைப் பட்டியலை அவ்வப்போது தரவிறக்கி வைத்துக்கொள்வது புத்தி. ஒரு வாசிப்பான் மூடப்பட்டால் அந்தக் கோப்பை இன்னொன்றில் ஏற்றிவிடலாம்.

நமது நிறுவனங்களுக்கு ஒரு வார்த்தை

இதுவரை சொன்னதெல்லாம் எழுதுவோர் தமது எழுத்தைத் திறந்த இணையத்தளத்தில் வைத்தால்தான் பலிக்கும். நமது இலக்கிய அமைப்புகளும் சஞ்சிகைகளும் பள்ளிவாசல்களும் இன்று எல்லாவற்றையும் முகநூலிலேயே போட்டுவிட்டு ஓய்ந்துவிடுகின்றன. நூல் வெளியீட்டுச் செய்தி இரண்டு கிழமையில் எங்கோ புதைந்துபோகும். அடுத்த ஆண்டு அதைத் தேடுபவருக்குக் கிடைப்பது கடினம். வேர்ட்பிரஸில் இலவசமாகத் தொடங்கும் சிறு தளத்துக்குக்கூட ஓடை தானாகவே அமைந்துவிடும். முகநூலை விடச் சொல்லவில்லை. முதலில் தளத்தில் இட்டு, பிறகு அதன் இணைப்பை முகநூலில் பகிருங்கள் என்றே சொல்கிறேன். இன்னுமொன்று, தலைப்பில் கவனம் வேண்டும். ஓடையில் முதலில் பயணம் செய்வது தலைப்புத்தான். 'இதழ் 12' என்று மட்டும் போட்டால் யாருக்கு என்ன விளங்கும்? சஞ்சிகையின் பெயர், மாதம், ஆண்டு, கட்டுரையின் பொருள், எழுதியவர் பெயர் ஆகியவை யூனிகோடில் இருக்கட்டும்.

புதிதாகத் தொடங்குபவர் ஐந்து ஓடைகளுக்கு மேல் சேர்க்க வேண்டாம். செய்திக்குப் பி.பி.சி. தமிழ், ஆவணத்துக்கு நூலகம், உங்கள் துறைசார்ந்த ஓர் ஆய்விதழ், பிடித்த எழுத்தாளர் ஒருவரின் தளம், கூகுள் அலேர்ட்ஸில் ஒரு சொல். ஒரு மாதம் பாவித்துப் பாருங்கள். வாசிக்காமல் தேங்கிக் கிடப்பதை நீக்கிவிட்டு வேறொன்றைச் சேருங்கள். பட்டியல் மெல்ல மெல்ல உங்களுடையதாகிவிடும்.